அம்மாவின் ஓட்டு

அம்மாவுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் கால்நடை மருத்துவர். கடைத்தெருவின் கோடியில், மருந்துக்கடைக்கும் பூட்டுச்சாவிக் கடைக்கும் நடுவில் அவளுடைய சின்ன மருத்துவமனை இருந்தது. நாய், பூனை, முயல், கிளி எல்லாம் அங்கே வரும். ஏழு வருடங்களுக்கு முன்னால், காணாமல்போன பிராணிகளுக்காக ஓர் இணையதளம் தொடங்கினாள். ‘வீடு வந்தாச்சு’ என்று அதற்குப் பெயர். தொலைத்தவர்கள் படம் போடுவார்கள், கண்டெடுத்தவர்களும் படம் போடுவார்கள், இரண்டும் பொருந்தினால் இரு தரப்புக்கும் செய்தி போகும். விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது. சாதாரண நாட்களில் நாற்பது ஐம்பது பேர் எட்டிப் பார்ப்பார்கள். இடி இடித்தால் நானூறு ஐநூறு பேர் வருவார்கள். இடிச் சத்தம் கேட்ட நாய்கள் வேலியைத் தாண்டி ஓடிவிடும், பூனைகள் ஊரான் வீட்டு மாடியில் ஏறிக்கொள்ளும்.

வில்லங்கமும் அங்கேதான் இருந்தது. தளம் மொத்தமும் எக்ஸ்ரே அறையின் மேசைக்கடியில் கிடந்த ஒரே ஒரு பழைய கணினியில் ஓடியது. இடி இடித்தால் அந்தத் தெருவில் மின்சாரம் போகும். ஊரே தளத்தைத் தேடுகிற நேரம் பார்த்துத் தளம் கண்ணை மூடிக்கொள்ளும்.

ஒரு மழைக்காலத்தில் அப்படி ஐந்து மணி நேரம் அடங்கிப்போனது. அம்மா வீட்டுக்கு எதிர்வீட்டில் பள்ளி வேன் ஓட்டும் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுடைய நாய்க்குக் காது கேட்காது, ஆனாலும் மின்னலைப் பார்த்தே மிரண்டு ஓடிவிட்டது. மூன்று தெரு தள்ளி ஒருவர் அதைப் பிடித்துக் கட்டி வைத்து, படம் எடுத்துத் தளத்தில் போடப் பார்த்திருக்கிறார். தளம் திறக்கவில்லை. அவரும் சலித்துப்போய் விட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் நாய் வீடு வந்தது. வேன்காரி பெரியவளிடம் கோபித்துக்கொள்ளவில்லை. தேடுவதற்கு இருந்த ஒரே இடமும் மூடியிருந்ததால், எங்கே போய் நிற்பது என்றே தெரியவில்லை என்று மட்டும் சொன்னாள். அது பெரியவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றே தங்கையைக் கூப்பிட்டாள்.

சின்னவளுக்கு வேலை ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில். அங்கே உள்ள டேட்டாபேஸ்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். ஒரு சர்வர் விழுந்தால் அடுத்தது நொடியில் பொறுப்பேற்க வேண்டும், வாடிக்கையாளருக்கு அது தெரியவே கூடாது. அதற்காகக் கம்பெனி ஆண்டுதோறும் கொட்டுகிற பணத்தில் அக்காவின் மருத்துவமனையைப் போல நாலு கட்டலாம். அக்கா கேட்டபோது முதலில் அந்தக் கணக்கைத்தான் சொன்னாள். பெரியவள் சிரித்துவிட்டாள்.

“என்கிட்ட இருக்கறது ஒரு எக்ஸ்ரே மிஷின், ரெண்டு மேஜை, உன்னைப் போல ஒரு தங்கச்சி. இதுக்குள்ள ஏதாவது பண்ண முடியுமா பாரு.”

சின்னவள் யோசித்தாள். அந்தப் பெரிய சர்வர்கள் செய்கிற வேலை அவளுக்கு அத்துப்படி. அதையே செய்கிற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒதுக்கிப் போட்ட கணினிகள் எந்த அலுவலகத்தின் ஸ்டோர் ரூமிலும் தூசி படிந்து கிடக்கும். அவளுடைய அலுவலகத்திலேயே மூன்று கிடைத்தன. இனிப்புப் பெட்டி அளவுதான் ஒவ்வொன்றும். கேட்டவுடன் ஸ்டோர்காரர், இடம் காலியானால் சரி என்று கையோடு கொடுத்து அனுப்பிவிட்டார்.

முதலில் இரண்டு போதும் என்று நினைத்தாள். ஒன்று மருத்துவமனையில், இன்னொன்று பேக்கரியில்.

பேக்கரிக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய குண்டு நாய் ஒருமுறை காணாமல்போய், இந்தத் தளத்தின் மூலமாகத்தான் கிடைத்தது. கிடைத்த இடம் போட்டிக் கடையின் வாசல். அங்கே யாரோ பிய்த்துப் போட்ட கேக்கை ருசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். தளத்துக்கு அவர் நன்றிக்கடன் பட்டவர், நாயைத்தான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. ரொட்டி வேகும்போது மின்சாரம் போனால் அத்தனையும் பாழ் என்பதால் கடையில் ஒரு முரட்டு ஜெனரேட்டர் வைத்திருந்தார். பெட்டி வைக்க இடம் கேட்டபோது, முட்டை அடுக்கும் அலமாரியில் ஒரு தட்டையே ஒழித்துக் கொடுத்தார்.

இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று பார்த்து நகல் எடுத்துக்கொண்டே இருக்கும். ஒன்று தலைமை, மற்றது துணை. தலைமையிடமிருந்து பதில் வராவிட்டால் அது செத்துவிட்டதென்று துணை முடிவு செய்து, தானே தலைமை ஏற்கும். ஒரு மாதம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

பிறகு ஒருநாள் மத்தியானம், குடிநீர்க் குழாய்க்காகச் சாலையைத் தோண்டியவர்கள் ஒரு கேபிளை வெட்டிவிட்டார்கள். இரண்டு பெட்டிகளும் உயிரோடுதான் இருந்தன. அவற்றுக்கிடையே பேச்சுதான் நின்றுபோனது. பேக்கரிப் பெட்டி, மருத்துவமனைப் பெட்டி செத்துவிட்டதென்று நினைத்துத் தலைமை ஏற்றது. மருத்துவமனைப் பெட்டியோ தான்தான் தலைமை என்று தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் இதற்குப் போனார்கள், பாதிப் பேர் அதற்குப் போனார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஊரில் இரண்டு உண்மைகள் இருந்தன.

அன்று காலைதான் யாரோ ஒரு வெள்ளைப் பூனையை, ஒரு காது மட்டும் கறுப்பு, மருத்துவமனையில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அதன் படம் தளத்தில் இருந்தது. ஒரு குடும்பம் அது எங்கள் பூனை என்று மருத்துவமனைப் பெட்டியில் பதிந்தது. அந்தச் செய்தி போய்ச் சேராததால், பேக்கரிப் பெட்டியில் பூனை இன்னும் ஆளில்லாமல்தான் இருந்தது. அங்கே இன்னொரு குடும்பம் அது எங்கள் பூனை என்று பதிந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு குடும்பங்களும் ஒரே நேரத்தில் கூடையோடு வந்து நின்றன.

பெரியவள் பூனையின் கூண்டைத் திறந்துவிட்டாள். முதல் குடும்பம் “பஞ்சு” என்று கூப்பிட்டது. பூனை எழுந்து வந்தது. இரண்டாவது குடும்பத்தின் தாத்தா “மேனேஜர்” என்று கூப்பிட்டார். பூனை அவரிடமும் போய்க் காலை உரசியது. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. இரண்டு குடும்பங்களும் அடுத்தடுத்த தெருக்காரர்கள். பூனை இரண்டு வருடமாகக் காலையில் இங்கே சாப்பிட்டு, மத்தியானம் அங்கே தூங்கி, இரண்டு பேரையும் ஏமாற்றி வாழ்ந்திருக்கிறது. முதலில் முறைத்துக்கொண்டவர்கள், அது எத்தனை வேளை சாப்பிடுகிறது என்று கூட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரே கூடையில் வைத்துக் கொண்டுபோனார்கள்.

சின்னவளால்தான் சிரிக்க முடியவில்லை. இரண்டு பெட்டிகளிலும் தனித்தனியாகப் பதிவான பதினாறு பதிவுகளை ஒவ்வொன்றாகக் கையால் ஒப்பிட்டுச் சேர்க்க அவளுக்கு ஒரு சனிக்கிழமை காலை முழுக்கப் போனது. செய்த தவறு அவளுக்குத் தெரிந்ததுதான். அலுவலகமாக இருந்தால் செய்திருக்க மாட்டாள். அக்காவுக்கு என்னும்போது கொஞ்சம் சிக்கனம் பார்த்துவிட்டாள். இரண்டு பேர் மட்டும் இருக்கும் இடத்தில் சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்ல ஆள் கிடையாது. மூன்றாவதாக ஒருவர் வேண்டும். மூவரில் இருவர் ஒத்துக்கொண்டால்தான் தலைமை. தனித்து நிற்கும் பெட்டி, தனக்குத் துணைக்கு யாரும் இல்லை என்று தெரிந்தவுடன், வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும்.

மூன்றாவது பெட்டி அம்மா வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் போய் உட்கார்ந்தது.

அம்மா முப்பது வருடம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் அட்டவணை போட்டவள். யார் லீவு, யாருக்குப் பதில் யார் என்று எழுதியே ஓய்வு பெற்றவள். சின்னவள் பத்து நிமிடம் விளக்கத் தயாராகி வந்தாள். அம்மாவுக்கு இரண்டு நிமிடமே போதுமாக இருந்தது. ஆள் வராத நாளில் யார் நிற்பது என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற விவகாரம்தானே என்றாள். பிறகு அவள் கண்ணில் ஒரு குறும்பு வந்தது.

“அப்போ நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டா, என் பொட்டி சொல்றதுதான் தீர்ப்பு?”

“ஆமாம்மா.”

“இந்த வீட்டுல எனக்கு ஓட்டு வர்றதுக்கு ஒரு பொட்டி வரவேண்டியிருக்கு பாரு.”

அடுத்த ஞாயிறு காலை ஒத்திகை. பேக்கரியில் எல்லாரும் கூடினார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியின் வயரைப் பிடுங்க வேண்டும், தளம் நிற்கக் கூடாது. பேக்கரிக்காரரிடம் பிடுங்கச் சொன்னார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். உயிரோடு இருப்பதை நான் எப்படிப் பிடுங்குவேன் என்று ஒரே பிடிவாதம். கடைசியில் பெரியவள் பல் பிடுங்குகிற மாதிரி ஒரே இழுப்பில் பிடுங்கினாள். எல்லாரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கம் சுற்றியது, சுற்றியது, இருபதாவது நொடியில் திறந்துகொண்டது. தலைமை மருத்துவமனைக்குப் போயிருந்தது, அம்மாவின் பெட்டி ஆதரவு கொடுத்திருந்தது. பேக்கரிக்காரர் திரும்ப வயரைச் செருகி, அது பிழைத்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டார்.

ஒரே ஒரு குறை இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பினால் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது அம்மாவின் வழக்கம். தன் தம்பி வீட்டுக்குப் போன ஒரு வாரத்தில் பெட்டியும் அணைந்து கிடந்தது. நாலாம் நாள்தான் சின்னவள் கவனித்தாள். கேட்டதற்கு, மூணு பேரில் ஒருத்தர் லீவு எடுக்கலாம் என்று நீதானே சொன்னாய் என்று அம்மா திருப்பிக் கேட்டாள். சின்னவள் ஒத்துக்கொண்டாள். சரியான பேச்சுதான் அது. ஆனால் லீவு எடுத்தால் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லி, எந்தப் பெட்டி விழுந்தாலும் நாலு பேர் கைப்பேசிக்கும் செய்தி வரும்படி செய்தாள். மின்சாரம் போனாலும் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்க அம்மாவின் பெட்டிக்கு ஒரு சின்ன யூ.பி.எஸ். பேட்டரி வாங்கி வைத்தாள். அன்றிலிருந்து அம்மா தன் பெட்டியை அணைக்கவில்லை. தினமும் காலையில் மூன்று பெட்டிகளும் நலமா என்று கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் செய்தித்தாளையே விரிப்பாள்.

பெரிய புயல்மழை வந்தது ஒரு சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு. வானம் ஒரே நிமிடத்தில் இருண்டது. முதல் இடியிலேயே கடைத்தெருக் கோடியில் ஒரு மரம் மின்கம்பத்தின்மேல் சாய்ந்தது. மருத்துவமனைப் பெட்டி அடங்கியது. இருபது நொடியில் பேக்கரிப் பெட்டி தலைமை ஏற்றது. ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது. படங்கள் வரத் தொடங்கின. பழுப்பு நாய், கறுப்பு நாய், கூண்டோடு காணாமல்போன கிளி, ஓர் ஆமை. ஆமை எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

சின்னவள் அந்த நேரம் பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தாள். மரத்துப்போகும் ஊசி போட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. கையில் கைப்பேசி அதிர்ந்தது. மருத்துவமனை விழுந்தது, பேக்கரி ஏற்றது என்று படித்தாள். திறந்த வாயோடு சிரிக்க முடியாதென்பதால் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள். பல் மருத்துவர் அதை வலிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டார்.

மூன்று நாற்பதுக்கு அம்மா கூப்பிட்டாள். சின்னவள் கையைக் காட்டி மருத்துவரை நிறுத்தச் சொல்லிவிட்டு, கைப்பேசியைக் காதில் வைத்தாள். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

“என்னடி ஆச்சு உனக்கு? சரி, பேசாதே, கேளு. இங்கயும் கரண்ட் போச்சு. பேட்டரி இருபத்தெட்டு நிமிஷம்னு காட்டுது. அக்கா பொட்டி இன்னும் வரல. என்னோடதும் போயிடுச்சுன்னா பேக்கரி தனி ஆளா நிக்கும். தனி ஆள்னா கடையைச் சாத்திடும். சரிதானே?”

சின்னவள் மனசு வேகமாக ஓடியது. மடிக்கணினி கையில் இருந்தால் பேக்கரிப் பெட்டிக்கு, நீயே தனியாக நடத்து என்று ஆணை கொடுக்கலாம். மடிக்கணினியோ வீட்டில் இருந்தது, வீடு மழைக்கு அந்தப் பக்கம் இருந்தது. வாயோ அவள் வசம் இல்லை.

“ம்” என்றாள்.

“பேக்கரியில ஜெனரேட்டர் இருக்கு. நான் என் பொட்டியைத் தூக்கிட்டுப் போய் அங்க செருகினா வேலை செய்யுமா? செய்யும்னா ஒரு ‘ம்’, செய்யாதுன்னா ரெண்டு.”

மூன்று பெட்டிகளும் பேசிக்கொள்வதற்குச் சின்னவள் தனிப்பாதை ஒன்று போட்டிருந்தாள். அம்மா வீட்டு இன்டர்நெட் முகவரி அடிக்கடி மாறும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. எந்த வீட்டில் செருகினாலும் பெட்டி மற்ற இரண்டையும் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் செருகும்வரை தளம் நிற்கும். அம்மா அதையும் யோசித்திருந்தாள். இங்கேயே உட்கார்ந்திருந்தால் இருபத்தெட்டு நிமிடம் ஓடும், அப்புறம் எத்தனை மணி நேரம் நிற்குமோ தெரியாது, இப்போதே கிளம்பினால் கால் மணி நேரத்தோடு போகும் என்றாள்.

“ம்” என்றாள் சின்னவள். ஒன்றே ஒன்று. அம்மா வைத்துவிட்டாள். சின்னவள் நாற்காலியில் சாய்ந்து, திரும்பவும் வாயைத் திறந்தாள். கண் மட்டும் கைப்பேசியை விட்டு நகரவில்லை.

எதிர்வீட்டு வேன்காரி, அம்மா வாசலில் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததுமே வேன் சாவியை எடுத்தாள். அம்மாவின் மழைக்கோட்டைப் பெட்டி உடுத்தியிருந்தது, அம்மா தொப்பலாக நனைந்திருந்தாள். குழந்தைகள் உட்காரும் குட்டி இருக்கையில் மடியில் பெட்டியோடு அம்மா உட்கார, மஞ்சள் வேன் கிளம்பியது. முதல் திருப்பத்தில் சாலை நிறையத் தண்ணீர். இரண்டாவதில் ஒரு கிளை குறுக்கே கிடந்தது. வேன்காரிக்கு இருபது வருடமாக அந்தப் பகுதியின் ஒவ்வொரு சந்தும் பழக்கம். பள்ளிக்கூடத்தின் பின்பக்கமாக வளைந்து, சலவைக் கடை வழியாக வெளியே வந்தாள். போகும் வழியெல்லாம் வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்று, மழையைப் பார்த்து நாய்ப்பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒவ்வொருவரையும் பார்த்துப் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பேக்கரியில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம் நிரம்பியிருந்தது. ஒருவர் தன் நாயின் படத்தைத் தளத்தில் போடப் போட, ‘இப்போது பதிய முடியவில்லை, சற்று நேரத்தில் முயலுங்கள்’ என்றே வந்துகொண்டிருந்தது. அம்மா உள்ளே நுழைந்ததும் பேக்கரிக்காரர், கேக்குக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த மேசையை ஒரே வீச்சில் ஒழித்தார். அம்மா மழைக்கோட்டைப் பிரித்தாள். பெட்டியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. வயரைச் செருகும் பொறுப்பை இந்தமுறை பேக்கரிக்காரரே கேட்டு வாங்கிக்கொண்டார். பிடுங்குவதுதான் அவருக்கு ஆகாது, செருகுவதில் தயக்கமில்லை.

நீல விளக்கு எரிந்தது. கடையில் இருந்த இருபது பேரும், என்ன ஏதென்று தெரியாமலே, மேசையைச் சுற்றிக் கூடினார்கள். அம்மா கைப்பேசியைக் கண்ணுக்கருகே வைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம் போனது. இன்னும் அரை நிமிடம் போனது. ‘மூவரில் இருவர் சேர்ந்தாச்சு. தலைமை: பேக்கரி’ என்று செய்தி வந்தது. அதே மூச்சில் அந்த மனிதர் தன் நாயின் படம் போய்விட்டது என்றார். பத்து நொடி கழித்து அவர் கைப்பேசி மணி அடித்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கடையில், மேசைக்கடியில் அவருடைய நாய் நடுங்கிக்கொண்டு படுத்திருக்கிறதாம், வந்து கூட்டிப்போகச் சொன்னார்கள். அவர் குடையைக்கூட எடுக்காமல் ஓடினார். கடையில் கைதட்டல் எழுந்தது. எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியாதவர்களும் தட்டினார்கள்.

தளம் நின்றது மொத்தம் பத்தொன்பது நிமிடம். அன்று மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். மறுநாள் காலை பத்து மணிக்கு மருத்துவமனைக்கு மின்சாரம் வந்தபோது, எக்ஸ்ரே அறைப் பெட்டி தானாகவே எழுந்து, தான் இல்லாதபோது நடந்ததையெல்லாம் நாலு நிமிடத்தில் நகல் எடுத்துக்கொண்டு, பெருந்தன்மையாகத் துணை இடத்தில் போய் உட்கார்ந்தது. யாரும் எதையும் கையால் ஒப்பிட வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் நூற்றெழுபதுக்கும் மேல் பிராணிகள் வீடு போய்ச் சேர்ந்தன. ஆமை மட்டும் ஆறு நாள் எடுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுத் தோட்டத்தில்தான் இருந்தது.

புயலன்று ஐந்தரை மணிக்கு மழை விட்டது. பெரியவள் மருத்துவமனையைப் பூட்டிக்கொண்டு நடந்தே பேக்கரிக்கு வந்தாள். சின்னவள் பாதி முகம் மரத்தபடியே வந்து சேர்ந்தாள். அம்மா பேக்கரிக்காரர் மனைவியின் உலர்ந்த சேலையில், தலையில் துண்டு சுற்றி, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வேன்காரி பக்கத்தில் உட்கார்ந்து, வந்த வழியைக் கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் புதுசாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கொஞ்சம் ஏறியது.

அம்மா வீட்டுப் பெட்டிக்கு இன்னும் பெரிய பேட்டரி போட்டுவிடலாம், இனி இப்படி அலைய வேண்டாம் என்று பெரியவள் சொன்னாள். சின்னவள், தன்னால் முடிந்த அளவுக்கு வார்த்தைகளைக் கூட்டி, அதுதான் சரி என்றாள்.

“பேட்டரி போடுங்க, வேண்டாங்கல. ஆனா நாலாவதா ஒரு பொட்டி வெக்கறேன்னு மட்டும் வந்துடாதீங்க” என்றாள் அம்மா. “ரெண்டுக்கு ரெண்டுன்னு ஆயிடும். அப்புறம் என் ஓட்டுக்கு என்ன மரியாதை?”

சின்னவள் சிரித்தாள். குடித்துக்கொண்டிருந்த தேநீர் மரத்த உதட்டின் வழியே வழிந்து சட்டையெல்லாம் ஆனது. அதைப் பார்த்துப் பெரியவள் சிரிக்க, பேக்கரிக்காரர் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியைத் தட்டோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார். சூடு ஆறும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை.